உன் இடது கையைக் கட்டியவள் எழுதுவது

என் செல்லத் தம்பி ஏழுமலைக்கு,

உன் அக்கா வள்ளி எழுதுகிறேன். எனக்கு எழுபது வயதாகிவிட்டது. உனக்கு இன்னும் இருபத்தொன்றுதான். இப்போது என்னை நீ பார்த்தால் யாரோ கிழவி என்று ஒதுங்கி வழிவிடுவாய்.

தில்லியில் ஒரு கல்லூரி வராந்தாவில், சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி பத்தேகால். மே மாத வெயில் இப்போதே பாதி வராந்தாவுக்கு வந்துவிட்டது. எதிரே ஒரு மூடிய கதவு, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலாளி. கதவுக்கு உள்ளே என் பேத்தி நித்யா காத்திருக்கிறாள். நம் தேவகியின் பெண். நீ தேவகியை ஏழு வயதுக் குழந்தையாகப் பார்த்தவன். அவளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, சர்க்கார் ஆபீஸில் கிளார்க். அவள் பெண்ணுக்கே உன்னைவிட ஒரு வயது கூட.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொன்னால் கோபப்படாதே. சீன எழுத்து எழுதிக் காட்டும் பரீட்சை. பத்துப் பேர் வந்திருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கரும்பலகையில் எழுதச் சொல்வார்கள். எழுத்து சரியாக வந்ததா என்று மட்டும் பார்க்க மாட்டார்களாம். எந்தக் கோட்டை முதலில் போட்டாள், எதை அடுத்துப் போட்டாள், இடமிருந்து இழுத்தாளா வலமிருந்து இழுத்தாளா என்று முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்களாம். தேறுகிற இரண்டு பேரை அந்த நாட்டுக்கே அனுப்பி ஒரு வருஷம் படிக்க வைப்பார்கள்.

அவள் தேறுவாளா மாட்டாளா என்பதில்லை என் பயம். எந்தக் கையால் எழுதப் போகிறாள் என்பதுதான். அவளும் உன்னைப் போல இடது கைக்காரி.

இந்தக் கடிதத்தை எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். உனக்கும் எனக்கும் உள்ள விஷயத்தை ஊர் படிக்க வேண்டுமா என்று தேவகி கேட்பாள். படிக்கட்டும். உன் கையைக் கட்டியதற்காக என்னை நாலு பேர் முன்னால்தான் மெச்சினார்கள். அது தப்பு என்பதையும் நாலு பேர் முன்னால்தான் சொல்ல வேண்டும்.

நீ பிறந்த வருஷம் நான் ஐந்தாவது படித்தேன். வகுப்பில் நான்தான் முதல். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் வெட்கம் கிடையாது. அம்மா கழனி வேலைக்குப் போக, உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. என்னை நிறுத்திவிட்டார்கள். உன்மேல் எனக்கு அதற்காக ஒரு நாளும் கோபம் இல்லை. ஆனால் நான் விட்ட படிப்பை நீ படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது.

பலகை பிடித்த முதல் நாளே பலப்பத்தை இடது கையில் எடுத்தாய். வாங்கி வலது கையில் கொடுத்தேன். நான் திரும்புவதற்குள் மாற்றிக்கொண்டாய். அடித்தேன், கெஞ்சினேன், வெல்லம் கொடுத்தேன். கடைசியில் என் பழைய பாவாடையில் ஒரு பட்டை கிழித்து உன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். இரட்டை முடிச்சுப் போட்டு ஒரு இழுப்பு. உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினைந்து. எட்டு மாதம் தினமும் காலையில் கட்டினேன். வாத்தியார் கேட்டபோது, "கையில கொப்புளம் சார், எங்கக்கா துணி சுத்திவுட்டுக்கீது" என்று சொன்னாயாம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எட்டு மாதத்தில் உனக்கு முத்துமுத்தாகக் கையெழுத்து வந்தது. ஏழுமலையை மனுஷனாக்கியவள் வள்ளிதான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

உன்னைக் கொண்டுபோன அந்தச் சீனச் சண்டை முடிந்த பிறகு உன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவர் நம் வேலூர்ப் பக்கத்து ஆள். பட்டாளத்தில் உன்னோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். "தங்கமான பையன்க்கா. எதுக்கும் எடது கைதான் மொதல்ல போவும். அப்புறம் நெனச்சிக்கினு மாத்துவான். அந்த ஒரு நிமிசம்தான்..." என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அவர் சொல்லாமல் விட்டது என்ன தம்பி? அந்தப் பனியில் துப்பாக்கியை எடுத்தபோதும் நீ நினைத்துக்கொண்டு மாற்றினாயா?

முதலில் எழுதிய பெண் இப்போது வெளியே வந்துவிட்டாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. விரலெல்லாம் சாக்பீஸ் தூளோடு நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போகிறாள். நித்யாவின் பெயர் ஆறாவது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வந்து, சைனீஸ் படிக்கச் சேர்ந்துவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கு எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வீட்டில் என் குரல் மூன்றாவது மாடி வரை கேட்டிருக்கும்.

"ஃப்ரெஞ்சுல ஸீட் இல்ல பாட்டி. இதுதான் கிடைச்சது."

"வெஷம் கெடைச்சாகூட வாங்கிக்கினு வந்துடுவியா?"

"அரே பாட்டி, இது லாங்க்வேஜ். லாங்க்வேஜா வந்து தாத்தாவைச் சுட்டுச்சு?"

தாத்தா என்றது உன்னைத்தான். உன் படத்தில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, உன்னைத் தாத்தா என்கிறாள். பதினோரு நாள் அவள் கையால் நான் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

அவளும் அசையவில்லை. சாப்பாட்டு மேஜையில் சின்னப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டை விரித்துக்கொண்டு, கட்டத்துக்கு ஒரு எழுத்தாகப் போட்டுக்கொண்டே இருப்பாள். எதிரே நான் கீரை ஆய்வேன். அவள் பார்த்து எழுதிய ஜெராக்ஸ் தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் கோட்டுக்குக் கோடு பொடி எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரியாது. எண் தெரியுமே. எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது?

"மூணை வுட்டுட்டு நாலைப் போட்ட."

அவள் நிமிர்ந்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்துலயே நம்பர் போட்டுக்கீது. எனக்குக் கண்ணு இன்னும் போவல."

அன்றிலிருந்து நான் எண் பார்க்கிறவள் ஆனேன். அவள் எழுதுவாள், நான் தாளை வைத்துக்கொண்டு வரிசை சரியா என்று பார்ப்பேன். மேலே உள்ளது முதலில், கீழே உள்ளது பிறகு. இடப்பக்கம் முதலில், வலப்பக்கம் பிறகு. நாடு என்று ஓர் எழுத்து இருக்கிறது. சுற்றிலும் பெட்டி, உள்ளே சின்னச் சின்னக் கோடுகள். பெட்டியின் அடிக்கோட்டைக் கடைசியில்தான் போட வேண்டும். "எல்லாரும் உள்ள வந்தப்புறம்தான் கதவைச் சாத்தணும் பாட்டி" என்பாள். கோலம் போலத்தானே என்று தேவகி கேட்டாள். கிடையாது. கோலத்தை எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் சுற்றி வந்து சேர்த்துவிடலாம். இதில் வரிசை தவறினால், பார்க்க அழகாக இருந்தாலும் தவறுதான்.

ஒரு நாள் அவள், "பாட்டி, ஹிந்தியில பாய்னா அண்ணனா தம்பியான்னு தெரியாது. இவங்க நம்மள மாதிரி. அண்ணனுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. இது தம்பி. ஏழு கோடு, எண்ணிக்கோ" என்றாள். நான் எண்ணவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய் நின்றேன். தம்பிக்கென்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறவர்களா உன்னைச் சுட்டார்கள்? உன்னைச் சுட்டவனுக்கும் ஒரு அக்கா இருந்திருப்பாளா? அதை யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

நித்யாவின் கையை நான் மாற்றச் சொன்னதில்லை. சாப்பிடுவதற்கு வலது, எழுதுவதற்கு இடது என்று விட்டுவிட்டேன். அவள் அப்பாவைப் பெற்றவர்கள் முகம் சுளித்தபோதுகூட, "அவ கை, அவ இஷ்டம்" என்று சண்டை போட்டிருக்கிறேன். உன்னிடம் செய்ததை அவளிடம் ஈடுகட்டிவிட்டதாக ஒரு பெருமை எனக்கு. அந்தப் பெருமைக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் வேட்டு விழுந்தது.

இடது கைக்குப் படுக்கைக் கோட்டை வலமிருந்து இடமாக இழுப்பதுதான் சுலபம். நித்யாவும் அப்படித்தான் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் எண்ணை மட்டும் பார்த்தேன், திசையைப் பார்க்கவில்லை. அது என் தவறு. அவள் டீச்சர், பாதி நரைத்த ஒரு பெங்காலி அம்மாள், கண்டுபிடித்துவிட்டாள். பரீட்சைக்கு வருகிறவர்கள் அந்த நாட்டுக்காரர்கள், முதல் கோட்டிலேயே கழித்துவிடுவார்கள், வலது கையால் எழுதிப் பழகுகிறேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் பெயரை அனுப்புவேன் என்றாள். நித்யா கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்தவள் துப்பட்டாவை எடுத்து என் மடியில் போட்டாள்.

"கட்டிடு பாட்டி."

"இன்னாத்த?"

"இந்தக் கையை. தாத்தாவுக்குக் கட்டின மாதிரி."

"யாருடி சொன்னது உனக்கு?"

சமையலறையிலிருந்து தேவகி குரல் கொடுத்தாள். "நான்தான். நீயே எத்தினி வாட்டி சொல்லிச் சொல்லி அழுதிருக்கே. இதுல மறைக்கறதுக்கு இன்னா இருக்குது?"

"நான் மாட்டேன்."

"அப்போ மம்மி கட்டட்டும். எனக்கு ஒரு மாசம்தான் டைம். நான் பச்சி இல்ல பாட்டி, நானே கேக்கறேன்."

பச்சி என்றால் ஹிந்தியில் குழந்தை. அவளே கேட்கிறாள் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கட்டினேன் தம்பி. எழுபது வயது விரல்களுக்கு அந்த முடிச்சு மறக்கவே இல்லை. இரட்டை முடிச்சு, ஒரு இழுப்பு.

மூன்று நாள் வலது கையால் எழுதினாள். கோழி கிளறியது போல வந்தது. நான்காம் நாள் மத்தியானம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவன் அவள் கையைப் பார்த்துவிட்டு, குழந்தையின் கைக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்ல பையா, சுளுக்கு. பாட்டிதான் கட்டிவிட்டாங்க" என்று ஹிந்தியில், அவனை அண்ணா என்று கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள்.

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவளும் பொய் சொல்கிறாள். சிலிண்டர்காரன் படியிறங்குவதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.

"இனிமே கட்ட மாட்டேன். எடது கையிலயே எழுது. கோடு மட்டும் அவங்க சொல்ற மாதிரி எடத்துலேர்ந்து வலத்துக்குப் போவட்டும்."

"அப்படி எழுதினா பேனா பேப்பரைக் கிழிக்குது பாட்டி."

"பேப்பரே வேணாம்."

மொட்டை மாடிக்குப் போனோம். வெள்ளையடித்து மிஞ்சிய பழைய பிரஷ், ஒரு சொம்பு தண்ணீர். சிமெண்டுத் தரையில் தண்ணீரால் எழுதச் சொன்னேன். பிரஷ் எந்தப் பக்கமும் கிழிக்காமல் போகிறது. எழுதச் சொன்ன பிறகுதான் எனக்கே ஒன்று தெரிந்தது. தில்லி வெயிலில் முதலில் போட்ட கோடு முதலில் காய்கிறது, கடைசிக் கோடு கடைசியில். எழுதிய வரிசையிலேயே எழுத்து மறைந்து போகும். கோடு தொடங்கிய முனையில் தண்ணீர் கூடுதலாகத் தேங்கும், அந்த முனை ஈரம் நெடுநேரம் நிற்கும். எங்கிருந்து இழுத்தாள் என்று அதிலேயே தெரிந்துவிடும். என் கண்ணை அவள் ஏமாற்ற முடியாது.

தினமும் நாலு மணிக்கு அவள் எழுத, நான் குடையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டுக் காய்வதைப் பார்ப்பேன். மிளகாய் காயவைக்க வந்த எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள், "என்ன ஆன்ட்டி, பெண்ணுக்குப் பேய் ஓட்டுகிறீர்களா?" என்று கேட்டாள். "இல்ல, ஏத்திக்கினு இருக்கேன்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். இருபத்திரண்டு நாள். இடது கையாலேயே எல்லாக் கோடும் சரியான பக்கம் போயின.

ஆனால் டீச்சருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. அந்த அம்மாளும் இன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். எந்தக் கையால் எழுதப் போகிறாய் என்று நேற்றுக் கேட்டேன். "உள்ள போய் பாத்துக்கறேன்" என்றாள்.

நான்காவது ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தம்பி, இதுவரை எழுதிவிட்டு பேனாவை மூடி வைத்தேன். காலையில் நான் செய்த ஒன்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

விடியற்காலையில் மலை மந்திர் போய் முருகனுக்கு அர்ச்சனை செய்து சிவப்புக் கயிறு வாங்கி வந்தேன். புறப்படும்போது நித்யாவைக் கூப்பிட்டுக் கட்டினேன். ஆண்பிள்ளைக்கு வலது கை, பெண்பிள்ளைக்கு இடது கை. நம் வழக்கம் அதுதானே. யோசிக்கவே இல்லை. இடது மணிக்கட்டைப் பிடித்து, இரட்டை முடிச்சுப் போட்டு, ஒரு இழுப்பு இழுத்தேன்.

அவள் கயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "டைட்டா இருக்கு பாட்டி" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

பஸ்ஸில் வழி நெடுக ஒன்றும் பேசாமல் வந்தாள். பரீட்சை பயம் என்று நினைத்தேன். அவள் என்ன நினைத்திருப்பாள்? பாட்டி மனசு மாறிவிட்டாள், வலது கையால் எழுது என்று சொல்லாமல் சொல்கிறாள் என்றுதானே? அவிழ்த்துவிட்ட கையைப் பரீட்சை நாளில் நானே மறுபடியும் கட்டி உள்ளே அனுப்பிவிட்டேனே.

காவலாளியிடம் போனேன். "பையா, ஒரே நிமிஷம். பேத்தி கையில கயிறு இறுக்கமா கட்டிட்டேன், தளர்த்திட்டு வந்துடறேன்" என்றேன்.

"அந்தர் நஹி, மாதாஜி" என்று உள்ளே விடாமல் கையை விரித்தான்.

சத்தம் போட்டுக் கூப்பிடலாமா? வெளியே தள்ளிவிட்டால்? ஒரு சீட்டு எழுதி அனுப்பலாம் என்றால், தமிழில் எழுதினால் அவளுக்குப் படிக்கத் தெரியாது. தில்லியில் பிறந்தவள், பேசுவதோடு சரி. ஹிந்தியும் இங்கிலீஷும் எனக்கு எழுதத் தெரியாது. ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், இரண்டு பேருக்கும் பொதுவாக ஓர் எழுத்து இல்லை.

ஒன்று இருந்தது.

மாடியில் அவள் அதிகம் எழுதியது இடது, வலது என்ற இரண்டு எழுத்துகளைத்தான். இடதுக்கு ஐந்து கோடு. இருபத்திரண்டு நாள் அது காய்வதைப் பார்த்திருக்கிறேன். என் கையால் ஒரு தடவைகூட எழுதியதில்லை. எழுத மாட்டேன் என்று உன் படத்தின் முன்னால் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தாளின் ஓரத்தைக் கிழித்தேன். முதலில் ஒரு படுக்கைக் கோடு, இடமிருந்து வலம். அதை வெட்டிக்கொண்டு இடப்பக்கம் சாய்ந்து இறங்கும் ஒரு கோடு. அதன் அணைப்பில் ஒரு சின்னப் படுக்கைக் கோடு, அதிலிருந்து நேரே கீழே ஒன்று, அடியில் இன்னொரு படுக்கைக் கோடு. யாரும் பார்க்கவில்லை, எந்த வரிசையில் போட்டாலும் எழுத்து ஒன்றுதான். இருந்தாலும் வரிசையாகத்தான் போட்டேன்.

மன்னித்துக்கொள் தம்பி. வேறு வழி தெரியவில்லை.

"இது நித்யாகிட்ட குடு பையா" என்றேன். அவன் சீட்டைப் பிரித்துப் பார்த்தான். "பர்ச்சி?" என்றான். காப்பியடிக்கிற சீட்டுக்கு இங்கே அதுதான் பெயர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அப்போதுதான் என் அறிவுக்கு எட்டியது. சீன எழுத்துப் பரீட்சைக்குள் சீன எழுத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன். பிடித்தால் அவளை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஐந்தாவதில் முதலாக வந்த புத்தி இது.

கதவு திறந்தது. வந்தவள் நித்யா இல்லை, அந்த டீச்சர். கையில் என் சீட்டு. ஹிந்தியில்தான் பேசினோம்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"உங்களுக்குச் சைனீஸ் தெரியுமா?"

"தெரியாது. இது ஒண்ணுதான் தெரியும்."

"இது என்ன?"

"இடது."

"வலது கையில எழுதறேன்னு உங்க பேத்தி எனக்கு வாக்குக் குடுத்திருக்கா."

"தெரியும்மா. காலையில அவ இடது கையில நான் கயிறு கட்டிட்டேன். சாமிக் கயிறு. அவ தப்பா நெனச்சுக்குவா. கட்டினது நான், தப்பு என்னுது. காப்பியடிக்கறதுக்கு இல்லம்மா இது. வேணும்னா என்னை வெளியே அனுப்புங்க, அவளை அனுப்பாதீங்க."

டீச்சர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, "முதல் கோடு எது?" என்று கேட்டாள்.

"படுக்கைக் கோடு."

"எங்கேயிருந்து?"

"இடத்துலேர்ந்து."

"ரெண்டாவது?"

சொன்னேன். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. அறுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு டீச்சர் முன்னால் நின்று ஒப்பிக்கிறேன். அவள் சீட்டை நாலாக மடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கொடுப்பாளா? கிழித்துப் போடுவாளா?

ஐந்தாவது ஆள் வெளியே வந்தான். உள்ளே நித்யாவின் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. அதற்குப் பிறகு இருபது நிமிஷம் நான் எதுவும் எழுதவில்லை.

மீதியை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. நான் கையைப் பார்த்தேன். இடது கை விரல்கள் வெள்ளையாக இருந்தன. சிவப்புக் கயிறு வலது மணிக்கட்டில் இருந்தது.

"டீச்சர் சீட்டைக் குடுத்தாங்களா?"

"என்ன சீட்டு?"

"அப்போ கயிறு?"

"அதுவா? இறுக்கமா இருந்துச்சு பாட்டி, அதோட எப்படி எழுதறது? உள்ள போனதுமே பக்கத்துப் பொண்ணுகிட்ட சொல்லி இந்தக் கையில மாத்திக் கட்டிக்கிட்டேன். தப்பா? லேடீஸுக்கு லெஃப்ட்தான்னு தெரியும். முருகர் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாரு."

"எடது கையிலயா எழுதின?"

"அதுலதானே பழகினேன். டீச்சர் பேப்பரையே பாத்துட்டு இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல. அந்த சைனாக்காரங்க மூணு பேரும் பக்கத்துல வந்து நின்னு பாத்தாங்க. என்ன நெனச்சாங்கன்னு தெரியல. பதினாலு எழுத்து. ஒண்ணுல வரிசை போயிடுச்சுன்னு நெனக்கறேன்."

அதற்குள் டீச்சர் வெளியே வந்தாள். எங்களைத் தாண்டிப் போனவள் நின்று, என்னிடம் மட்டும், "மாதாஜி, அடிக்கோடு நடுக்கோட்டைவிட நீளமா இருக்கணும்" என்றாள். போய்விட்டாள். நித்யா என்னைப் பார்த்து, "எந்த அடிக்கோடு?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.

பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். "அவ்ளோ இறுக்கமா இருந்தா, கட்டறப்பவே சொல்றதுதானே?"

"சொன்னேனே பாட்டி. நீதான் இருக்கட்டும்னே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன்னிடம் ஒரு நாளாவது கேட்டேனா தம்பி, இறுக்கமாக இருக்கிறதா என்று? நீ சொன்னாயா? சொல்லி, நான் இருக்கட்டும் என்றேனா? எட்டு மாதத்தில் எந்தக் காலை அது? எனக்கு நினைவில்லை. முடிச்சு நினைவிருக்கிறது, உன் முகம் நினைவில்லை.

நினைவிருப்பது வேறு. நான் கல்யாணமாகித் தில்லிக்கு வந்துவிட்டிருந்தேன். நீ வடக்கே போகும் வழியில் புதுதில்லி ஸ்டேஷனில் உன் வண்டி நின்றது. புளிச்சோறு கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை நீட்டினேன். நீ இடது கையை நீட்டினாய். என் முகத்தைப் பார்த்ததும் அதை மடக்கிக்கொண்டு வலது கையை நீட்டினாய். பட்டாளத்துக்காரன், மீசை அரும்பியவன், அக்காவுக்குப் பயந்து கையை மாற்றினாய். அன்றைக்கு அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். இதை இதுவரை தேவகியிடம்கூடச் சொன்னதில்லை.

பரீட்சை முடிவு வர மூன்று வாரம் ஆகுமாம். அது வருவதற்கு முன்பே இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடப் போகிறேன். நித்யா தேறிவிட்டால் உன்னிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குச் சுலபமாகிவிடும், எல்லாம் நல்லதற்குத்தான் என்று சொல்லிவிடுவேன். தேறாவிட்டால் பழியைத் தூக்கி வேறு யார்மேலாவது போட்டுவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியாதா? இரண்டும் தெரியாத இன்றைக்கே கேட்கிறேன்.

உன் கையைக் கட்டியது தப்பு தம்பி. உன் கையில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு இனி அதிக நாள் இல்லை. அங்கே வந்ததும் முதலில் உன்னைத்தான் தேடுவேன். அக்கா முகத்தைப் பார்த்துப் பயப்படாதே. எந்தக் கை முதலில் வருகிறதோ அதை நீட்டு. அதையே பிடித்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா,
வள்ளியம்மாள்